முதலாம் ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க விடுதலைப் போர் (1775–1783) பற்றிப் பேசினால் வாஷிங்டன், ஜெஃபர்சன் என்று பெரிய பெயர்களோடு பேச்சு நின்றுவிடும். அந்தப் போரில் சண்டையிட்ட ஒரு காலாட்படையில், துப்பாக்கி ஏந்திய அந்த நாளில்தான் அடிமை நிலையிலிருந்து விடுபட்டவர்கள் நூறு பேர் அளவில் இருந்தார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது குறைவு. எனக்கு இந்தப் படையின் கதைமேல் வெகுநாளாகவே ஈடுபாடு உண்டு. என்னிடம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

இது எந்தப் படை? எப்போது தொடங்கியது?

ரோட் ஐலண்ட், அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் உள்ள மிகச் சிறிய மாநிலம். அன்று பிரிட்டனின் 13 குடியேற்ற நாடுகளில் அதுவும் ஒன்று. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் போரின் முதல் துப்பாக்கி வெடித்ததும், மே மாதமே மூன்று ரெஜிமென்ட்களைத் திரட்டி பாஸ்டன் முற்றுகைக்கு அனுப்பியது. அதில் ஜேம்ஸ் மிட்செல் வார்னம் தலைமையில் போன படைதான் பிறகு பெயர் மாறி மாறி, 1777-ல் 'முதலாம் ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட்' ஆனது. கர்னல் பொறுப்புக்கு கிறிஸ்டோபர் கிரீன் வந்தார். 1775 டிசம்பர் கடைசி நாளில் கியூபெக் நகரத் தாக்குதலில் பிடிபட்டு, நெடுநாள் சிறையிருந்து திரும்பிய மனிதர் அவர்.

1777 அக்டோபர் 22 அன்று நியூ ஜெர்சியில் டெலவேர் ஆற்றங்கரையில் மெர்சர் கோட்டையை இந்த கிரீன்தான் காத்தார். வான் டோனாப் என்ற ஜெர்மன் தளபதியின் கீழ் வந்த ஹெஸ்ஸியர் படை, கோட்டைக்குள் இருந்தவர்களைவிடப் பெரியது. (ஹெஸ்ஸியர் என்றால் பிரிட்டன் வாடகைக்கு எடுத்த ஜெர்மன் சிப்பாய்கள். இந்தக் கதையில் அடிக்கடி வருவார்கள்.) சண்டை முடிந்தபோது ஹெஸ்ஸியர் பக்கம் இழப்பு சுமார் 400. வான் டோனாப் காயத்தால் சில நாளில் இறந்தார். அதன் பிறகு ரோட் ஐலண்ட் படைகள் பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் குளிர்கால முகாமுக்குப் போயின. நம் கதை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

அடிமைகளைப் படையில் சேர்க்கும் யோசனை எப்படி வந்தது?

ஆள் பஞ்சம். வேறு காரணம் தேட வேண்டாம்.

1776 டிசம்பரிலிருந்தே நியூபோர்ட் நகரம் பிரிட்டிஷார் கையில் இருந்தது. மாநிலத்தின் பெரிய துறைமுகமே போய்விட்டது, வியாபாரம் படுத்துவிட்டது, கரையோர ஊர்கள் எப்போது தாக்குதல் வருமோ என்று தூங்காமல் கிடந்தன. காகிதப் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. மொத்த ஜனத்தொகையே சுமார் 60,000தான். சேரக்கூடியவர்கள் ஏற்கெனவே சேர்ந்திருந்தார்கள். மற்றவர்கள் வீட்டையும் வயலையும் விட்டு மூன்று வருடம் வெளியூர்ப் போர்க்களத்துக்குப் போகத் தயாராக இல்லை.

1778 ஜனவரி 2 அன்று வார்னம் (அப்போது ஜெனரல்) வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆள் குறைந்துபோன இரண்டு ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட்களின் சிப்பாய்களையும் ஒன்றாக்கிவிடலாம், மிஞ்சும் அதிகாரிகளை ஊருக்கு அனுப்பினால் கறுப்பினத்தவரைக் கொண்டே ஒரு படையைத் திரட்டிவிடலாம் என்பது அதன் சாரம். வாஷிங்டன் அந்தக் கடிதத்தை மாநில ஆளுநர் நிக்கோலஸ் குக்குக்கு அனுப்பி, வரும் அதிகாரிகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் எழுதினார். யோசனை நல்லதென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. வர்ஜீனியாவில் அவருடைய சொந்தப் பண்ணையிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். அந்த மௌனத்தைப் படிக்கும்போது அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வடக்கு மாநிலத்தில் அடிமைகளா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. இருந்தார்கள். அதைவிட முக்கியம், அமெரிக்கக் கரையிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன அடிமை வியாபாரக் கப்பல்களில் பாதிக்கு மேல் ரோட் ஐலண்டிலிருந்து கிளம்பியவை. 18-ம் நூற்றாண்டிலும் 19-ன் தொடக்கத்திலுமாக அந்தக் கப்பல்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடல் கடத்தின. நியூபோர்ட்டில் காய்ச்சிய ரம் அங்கே போகும், அதற்கு ஈடாக மனிதர்கள் ஏற்றப்படுவார்கள். மாநிலத்தின் தெற்கே நரகான்செட் பகுதியில் பெரிய பால் பண்ணைகளும் குதிரைப் பண்ணைகளும் இருந்தன. அங்கே மாடு மேய்த்ததும் பாலாடைக்கட்டி செய்ததும் பெரும்பாலும் அடிமைகள்தான். படைக்கு ஆள் வந்ததும் அந்தப் பகுதியிலிருந்துதான் அதிகம்.

சட்டம் என்ன சொன்னது?

1778 பிப்ரவரி 14 அன்று மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உடல் வலுவுள்ள எந்த அடிமையும், அவர் ஆப்பிரிக்கரானாலும் கலப்பினத்தவரானாலும் பூர்வகுடி ஆனாலும், போர் முடியும்வரை பணிபுரியச் சம்மதித்துப் படையில் சேரலாம். கர்னல் கிரீன் முன்னால் நின்று, அவர் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மாத்திரத்தில் எஜமானின் பிடி அறுந்தது. 'முழு விடுதலை பெற்றவர்' என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. மற்ற சிப்பாய்களுக்கு உண்டான அதே சம்பளம், அதே சேர்ப்பு ஊக்கத்தொகை. எஜமானுக்கு அரசு நஷ்டஈடு தரும், அதிகபட்சம் தலைக்கு 120 பவுண்ட்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். போர் முடிந்தபின் விடுதலை தருகிறோம் என்று சொல்லவில்லை. சேர்ந்த அன்றே விடுதலை. இந்த ஒரு வரிதான் பிற்காலத்தில் பலரைக் காப்பாற்றியது.

எஜமானர்கள் சும்மா இருந்தார்களா?

எப்படி இருப்பார்கள்? சட்டமன்றத்திலேயே ஆறு உறுப்பினர்கள் எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். செலவு கட்டுப்படியாகாது, அவ்வளவு பேர் சேரவும் மாட்டார்கள் என்பது ஒரு வாதம். அடிமைகளை விலைக்கு வாங்கி நம் சுதந்திரத்தைக் காக்க நிறுத்தினால் ஊர் உலகம் நம்மைப் பார்த்து என்ன சொல்லும் என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது வாதத்தில் அவர்களை அறியாமலே ஓர் உண்மை இருந்தது. அடிமைகளை வைத்துக்கொண்டே சுதந்திரம் கேட்டவர்கள் அவர்கள்.

சபைக்கு வெளியே வேறு மாதிரி வேலை நடந்தது. தெற்கு கிங்ஸ்டவுன் ஊரில் ஆள் சேர்க்கும் இடத்துக்கே ஒரு பண்ணைக்காரர் வந்து, சேர நினைத்தவர்களிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். உங்களைத்தான் முன்வரிசையில் மதில் மாதிரி நிறுத்துவார்கள், எதிரியிடம் பிடிபட்டால் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பி விற்றுவிடுவார்கள் என்று பயமுறுத்தினார். ஆள் சேர்க்க வந்த கேப்டன் இதைச் சட்டமன்றத்துக்கே புகாராக எழுதி அனுப்பினார். அந்த அறையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரு பக்கம் விடுதலை தருகிறேன் என்று காகிதம் வைத்திருப்பவன், மறுபக்கம் நேற்றுவரை தன்னை ஆண்டவனின் வகையறா. இருவரில் யாரை நம்புவது? நம்பித்தான் கையெழுத்திட்டார்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் குறி போட்டார்கள்.

எத்தனை பேர் சேர்ந்தார்கள்?

அரசு நஷ்டஈடு கொடுத்து விடுவித்தவர்கள் 88 பேர் என்று ஒரு கணக்கு, 117 என்று இன்னொரு கணக்கு. இவர்களோடு ஏற்கெனவே விடுதலையாக இருந்த கறுப்பினத்தவரும், நரகான்செட் பூர்வகுடியினரும் சேர்ந்தார்கள். அதிகாரிகள் அனைவரும் வெள்ளையர்.

பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் மனசு என்னவோ செய்யும். பிரின்ஸ், கேட்டோ, பிளேட்டோ என்று எஜமான் விளையாட்டாக வைத்த பெயர்கள். பின்னால் ஒட்டியிருப்பது எஜமானின் குடும்பப் பெயர். கர்னலும் கிரீன், சிப்பாய்களிலும் பல கிரீன்கள். ஆனால் நடுநடுவே கஃப், குவாக்கோ போன்ற பெயர்களும் வரும். இவை இன்றைய கானா பகுதி மக்கள் பிறந்த கிழமையை வைத்துச் சூட்டும் பெயர்கள். கஃப் என்பது கோஃபி, வெள்ளிக்கிழமை பிறந்தவன். குவாக்கோ, புதன்கிழமைக்காரன். கடல் தாண்டி, விற்கப்பட்டு, எல்லாம் பறிபோன பிறகும் அந்தப் பெயர் மட்டும் ராணுவப் பதிவேடுவரை வந்து சேர்ந்திருக்கிறது.

அப்புறம், ஜாக் சிசன் என்றொருவர். இந்த ரெஜிமென்டில் சேருவதற்கு முன்பே 1777 ஜூலையில் ஒரு துணிச்சலான காரியத்தில் பங்கெடுத்தவர். கர்னல் வில்லியம் பார்ட்டன் தலைமையில் சுமார் 40 பேர் இரவோடு இரவாகப் படகில் போய், பிரிட்டிஷ் ஜெனரல் பிரெஸ்காட்டைத் தூக்கத்திலேயே பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதில் ஒரு படகைச் செலுத்தியவர் சிசன்.

கதவு எவ்வளவு நாள் திறந்திருந்தது?

நான்கு மாதம்கூட இல்லை. அடுத்த சட்டமன்றம் கூடியதும், 1778 ஜூன் 10-க்குப் பிறகு அடிமைகள் யாரும் சேர முடியாது என்று முடிவெடுத்துவிட்டது. என்னைக் கேட்டால் இந்த ரெஜிமென்டின் வரலாற்றில் மிக முக்கியமான இரண்டு தேதிகள் போர் நடந்த தேதிகள் இல்லை. பிப்ரவரி 14, ஜூன் 10. இந்த இரண்டுக்கும் நடுவில் துணிந்தவர்கள் தப்பித்தார்கள். தயங்கியவர்களுக்கும், செய்தி போய்ச் சேராதவர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது.

பிரிட்டிஷாரும் விடுதலை தருவதாகச் சொன்னார்களே?

சொன்னார்கள், அதுவும் முன்னதாகவே. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் பிரபு, கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் பிரிட்டிஷ் பக்கம் ஓடினார்கள். வாஷிங்டனின் பண்ணையிலிருந்தே ஹாரி வாஷிங்டன் என்பவர் தப்பிப் போனார். 1783-ல் நியூயார்க்கைக் காலி செய்தபோது சுமார் 3,000 கறுப்பினத்தவரின் பெயர்களைப் பதிவு செய்து பிரிட்டிஷார் கப்பலேற்றி அனுப்பினார்கள். பெரும்பாலோர் இன்றைய கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார்கள். அமெரிக்கப் பக்கம் நின்று போரிட்ட கறுப்பினத்தவர் 5,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இவர்கள் துரோகிகள், அவர்கள் தேசபக்தர்கள் என்று பிரித்துப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. விடுதலை எந்தப் பக்கம் கிடைத்ததோ அந்தப் பக்கம் போனார்கள். ரோட் ஐலண்டில் சில மாதம் அது அமெரிக்கப் பக்கம் கிடைத்தது.

1778 ஆகஸ்ட் 29 அன்று என்ன நடந்தது?

இந்த ரெஜிமென்டின் பெயர் நிலைத்தது அந்த நாளால்தான்.

நியூபோர்ட்டை மீட்க அமெரிக்கர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். நிலத்தில் ஜெனரல் சலிவன், கடலில் டெஸ்டாங் தலைமையில் பிரெஞ்சுக் கப்பற்படை. ஆகஸ்ட் நடுவில் பெரும் புயல் அடித்துக் கப்பல்களைச் சிதைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் பழுது பார்க்க பாஸ்டனுக்குப் போய்விட்டார்கள். அதைக் கண்டு உள்ளூர்த் தன்னார்வப் படையினரும் ஆயிரக்கணக்கில் வீடு திரும்பினார்கள். சலிவனுக்குப் பின்வாங்குவதைத் தவிர வழியில்லை. நியூபோர்ட் இருக்கும் அக்விட்நெக் தீவின் வடமுனைக்கு அவர் நகர, பிரிட்டிஷாரும் ஹெஸ்ஸியரும் துரத்திக்கொண்டு வந்தார்கள்.

அமெரிக்க அணியின் வலப்பக்கத்தில், முக்கிய வரிசைக்கு முன்னால் தள்ளி ஒரு மண் அரண். அதைக் காக்க நிறுத்தப்பட்டது மேஜர் சாமுவேல் வார்டின் கீழ் முதலாம் ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட். பலர் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பெரும்பாலோருக்கு இதுதான் முதல் சண்டை. எதிரே தொழில்முறைச் சிப்பாய்களான ஹெஸ்ஸியர்.

மஸ்கட் துப்பாக்கியைப் பற்றித் தெரிந்தால்தான் அந்த இடத்தின் கஷ்டம் புரியும். மருந்துப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, குழாயில் கொட்டி, குண்டை உள்ளே தள்ளி, கம்பியால் இடித்து, அப்புறம்தான் சுட முடியும். நன்றாகப் பழகியவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். அதற்குள் எதிரி ஓடிவந்துவிட்டால் துப்பாக்கி முனையில் செருகிய கத்திதான் மிச்சம். வாயெல்லாம் வெடிமருந்துக் கரி, ஆகஸ்ட் வெயில், தாகம். ஹெஸ்ஸியர் மேலே ஏறி வந்தார்கள், அடித்து இறக்கப்பட்டார்கள். மறுபடி வந்தார்கள். மூன்றாம் முறையும் வந்தார்கள். அரண் விழவில்லை. எதிரே நின்றவர்கள் மேலங்கி இல்லாமல் வெறும் சட்டையோடு நின்ற முரட்டு ஆட்கள், அவர்களில் பலர் கறுப்பர்கள் என்று ஒரு ஹெஸ்ஸிய அதிகாரியே குறித்து வைத்திருக்கிறார்.

அடுத்த நாள் இரவு மொத்தப் படையும் படகுகளில் ஏறிப் பத்திரமாகக் கரை சேர்ந்தது. நியூபோர்ட்டை மீட்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் வலப்பக்க அரண் உடைந்திருந்தால் அந்தப் படை தீவிலேயே மாட்டியிருக்கும்.

தோற்ற ஹெஸ்ஸியத் தளபதி, தன் ஆட்களே தன்னைச் சுட்டுவிடுவார்கள் என்று பயந்து மறுநாள் இடமாற்றம் கேட்டார் என்று ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் சொல்லப்பட்ட கதை. கேட்க நன்றாயிருக்கிறது, அவ்வளவுதான்.

'கறுப்பர் ரெஜிமென்ட்' என்று சொல்வது சரியா?

பாதி சரி. 1778-ல் புதிதாகத் திரட்டியபோது சிப்பாய்களில் பெரும்பகுதி கறுப்பினத்தவரும் பூர்வகுடியினரும்தான். கதவு சாத்திய பிறகு, இறந்தவர்கள், நோயில் விழுந்தவர்கள் இடத்துக்கு வெள்ளையரும் வந்தார்கள். 1781 தொடக்கத்தில் முதலாம், இரண்டாம் ரெஜிமென்ட்களை இணைத்து ஒரே 'ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட்' ஆக்கியபின் வெள்ளையரே அதிகம். அந்த வருடம் ஜூலையில் இந்தப் படையைப் பார்த்த பிரெஞ்சு அதிகாரி குளோசன், முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர் என்று எழுதியது மிகை. ஆனால் பார்த்ததிலேயே மிக நேர்த்தியான உடையும், துல்லியமான அணிவகுப்பும் இவர்களுடையதுதான் என்று அவர் எழுதியதை நான் முழுதாக நம்புகிறேன்.

கர்னல் கிரீனுக்கு என்ன ஆனது?

1781 மே 14, விடியும் நேரம். நியூயார்க்கில் குரோட்டன் ஆற்றின் பைன்ஸ் பாலத்தருகே ரெஜிமென்ட் காவலில் இருந்தது. பிரிட்டிஷ் ஆதரவாளர்களான டிலான்சியின் குதிரைப் படையினர் ஆற்றைக் கடந்து வந்து திடீரென்று தாக்கினார்கள். கர்னல் கிரீனும் மேஜர் எபனீசர் ஃபிளாக்கும் கொல்லப்பட்டார்கள், அவர்களோடு சிப்பாய்கள் சிலரும். பலர் பிடிபட்டார்கள். கிரீனின் உடல் கொடூரமாகச் சிதைக்கப்பட்டு, முகாமிலிருந்து தள்ளிக் கிடந்தது. கறுப்பினச் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கியதற்கான வெறுப்பு அது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதன் பிறகு படையின் பொறுப்பு ஜெரமையா ஓல்னியிடம் வந்தது.

யார்க்டவுனில் இருந்தார்களா?

இருந்தார்கள். வர்ஜீனியாவின் யார்க்டவுனில்தான் போரின் கடைசிப் பெரிய முற்றுகை நடந்தது. 1781 அக்டோபர் 14 இரவு அங்கே பிரிட்டிஷாரின் பத்தாம் எண் அரணைத் தாக்கியபோது, அலெக்சாண்டர் ஹாமில்டனின் கீழ் முன்னணியில் போனவர்களில் கேப்டன் ஸ்டீஃபன் ஓல்னியின் ரோட் ஐலண்ட் கம்பெனியும் ஒன்று. சத்தம் வரக்கூடாது என்பதற்காகத் துப்பாக்கியில் குண்டு போடாமல், கத்தி முனையோடு மட்டும் ஓடினார்கள். ஓல்னிக்குப் பல குத்துக்காயம். ஐந்து நாளில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார்.

அத்துடன் முடிந்துவிட்டதா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தப் படைக்கு மட்டும் இன்னொரு குளிர்காலம் பாக்கி இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வரும்.

1783 பிப்ரவரி. ஒன்டாரியோ ஏரிக்கரையில் பிரிட்டிஷார் வைத்திருந்த ஆஸ்வெகோ கோட்டையைத் திடீர்த் தாக்குதலில் பிடிக்க வேண்டும் என்று கர்னல் மரினஸ் வில்லட்டின் கீழ் சுமார் 500 பேர் அனுப்பப்பட்டார்கள். ரோட் ஐலண்டுக்காரர்களும் போனார்கள். உறைந்த ஒனைடா ஏரியின் மேல் சறுக்கு வண்டியில் பயணம், பிறகு ஆழப் பனியில் நடை, தோளில் ஏணிகள். இரவில் வழிகாட்டி பாதையைத் தவறவிட்டார். விடியும்போது கோட்டை இன்னும் எட்டவில்லை, பகலில் தாக்க முடியாது. அப்படியே திரும்பினார்கள். கடுங்குளிரில் கால் விரல்கள் கருகி, பாதங்களையே இழந்தவர்கள் பலர். சமாதானத்தின் முதற்கட்ட ஒப்பந்தம் பாரிஸில் 1782 நவம்பர் 30 அன்றே கையெழுத்தாகியிருந்தது. கப்பலில் செய்தி வந்து சேர்வதற்குள் இவர்களின் கால் போய்விட்டது.

1783 ஜூனில் நியூயார்க்கின் சரடோகாவில் படையைக் கலைத்தார்கள். சம்பளப் பாக்கியைத் தீர்க்காமலே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஊர் திரும்பியவர்களை எப்படி நடத்தினார்கள்?

சிலரை மறுபடியும் அடிமையாக்கப் பார்த்தார்கள். ஜெரமையா ஓல்னி இந்த விஷயத்தில் மனிதராக நடந்துகொண்டார். தன் பழைய சிப்பாய்களின் விடுதலைக்காகவும் சம்பளப் பாக்கிக்காகவும் பல வருடம் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். சேர்ந்த அன்றே விடுதலை என்று எழுதியிருந்த சட்ட வரி துணை நின்றது.

1785-ல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. முன்பு அடிமையாக இருந்து படையில் பணிபுரிந்து, இப்போது வாழ வழியில்லாதவர்களை அந்தந்த ஊர் பராமரிக்க வேண்டும் என்று. இரண்டே வருடத்தில் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். 1792-ல் மத்திய அரசின் சட்டம் ஊர்க்காவல் படையில் வெள்ளையர் மட்டும் என்றது. 1818-ல்தான் ஏழைப் போர்வீரர்களுக்கு மத்திய அரசு பென்ஷன் கொடுத்தது. அதற்கு அறுபது, எழுபது வயதில் நீதிமன்றத்தில் நின்று, எந்தப் படை, யார் அதிகாரி என்று சொல்லி நிரூபிக்க வேண்டும். பிறகு, சொத்துப் பட்டியலும் கேட்டார்கள். ஒரு நாற்காலி, ஓர் இரும்புச் சட்டி என்று எண்ணிக் காட்ட வேண்டும். 1822-ல் ரோட் ஐலண்ட் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையையே எடுத்துவிட்டது. அது திரும்பக் கிடைத்தது 1842-ல்.

அவர்களின் உருவம் எங்காவது பதிவாகியிருக்கிறதா?

ஓர் ஓவியம் இருக்கிறது. 1781-ல் பிரெஞ்சுப் படையின் இளம் அதிகாரி டி வெர்ஜே தன் நாட்குறிப்பில் அமெரிக்கச் சிப்பாய்கள் நான்கு பேரை நீர்வண்ணத்தில் வரைந்தார். இடது ஓரத்தில் நிற்பவர் ரோட் ஐலண்ட் ரெஜிமென்டின் கறுப்பினச் சிப்பாய். வெள்ளை உடை, கையில் மஸ்கட், தொப்பியில் மாநிலச் சின்னமான நங்கூரம். நாட்குறிப்பு இப்போது பிராவிடன்ஸ் நகரில் பிரவுன் பல்கலைக்கழகத் தொகுப்பில் உள்ளது. போர் நடந்த போர்ட்ஸ்மவுத்தில் பேட்ரியட்ஸ் பார்க்கில் ஒரு நினைவிடமும் இருக்கிறது.

அவர்களின் மனைவி, பிள்ளைகளுக்கு விடுதலை கிடைத்ததா?

இல்லை. 1778 சட்டம் துப்பாக்கி ஏந்திய ஆணை மட்டும் விடுவித்தது. மனைவி வேறொருவரின் அடிமையாக இருந்தால் அப்படியே இருந்தாள். 1784-ல் வந்த படிப்படியான ஒழிப்புச் சட்டம், அந்த வருடம் மார்ச் 1-க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டும். ஆக, அடிமைத் தாய்க்கு 1780-ல் ஒரு சிப்பாயின் மகள் பிறந்திருந்தால், அப்பா யார்க்டவுனில் நின்றவராக இருந்தாலும், அந்தப் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தால் விடுதலை இல்லை. 1840-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட ரோட் ஐலண்டில் 5 பேர் அடிமைகள் என்று பதிவாகியிருக்கிறது.